நூதனசாலைக்குக் கொடுக்க முடியாத கடுதாசிகள்

நண்பர் ஒருவர் எண்பதுகளின் கடைசியில் பாரிஸுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து ஒரு கடுதாசியையும் எறிந்ததில்லை. அகதி விண்ணப்பம் முதற்தடவை நிராகரிக்கப்பட்ட கடிதம், மூன்று மாதத்துக்கொருமுறை விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்று புதுப்பித்த தற்காலிக வதிவிடத் துண்டுகள், சட்டத்தரணிக்குக் கொடுத்த காசுக்கான பற்றுச்சீட்டு, வீட்டு வாடகை, மின்சாரம், றெஸ்ரோறன்ட் முதலாளி தந்த சம்பளத் துண்டுகள் எல்லாம் நான்கு தடித்த கோப்புகளில் அலுமாரியின் மேற்தட்டில் இருக்கின்றன. வீடு மாறியபோதெல்லாம் சட்டிபானைக்கு முன்னர் வானில் ஏறியவை அந்தக் கோப்புகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போர்த் டொறேயில் உள்ள குடிவரவு வரலாற்று நூதனசாலைக்குப் போயிருந்தோம். அந்த நூதனசாலை வைத்திருக்கும் பொருள்களில் ஒரு பகுதி குடிவந்த குடும்பங்களே விரும்பிக் கொடுத்தவை. நண்பர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்று, "என்ர கோப்புகளையும் இவையளுக்குக் குடுத்தால் என்ன? நான் செத்தால் பிள்ளையள் குப்பையிலதான் போடுங்கள்" என்றார். நல்ல யோசனை என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது கிடைத்த பதில் வேறு.

"உங்களுக்கென்ன விசரே? பென்சனுக்கு எழுதேக்க அந்தத் துண்டுகளைக் கேட்டால் எதைக் காட்டுறது? நாளைக்கு இவங்கள் சட்டத்தை மாத்திப்போட்டு, எப்ப வந்தனீங்கள், எங்க இருந்தனீங்கள் எண்டு கேட்டால்?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் மூன்று வருடச் சம்பளத் துண்டுகளில் உள்ள பெயர் நண்பருடையதல்ல. வேலை செய்யும் அனுமதி இல்லாத காலத்தில் இன்னொருவருடைய கார்ட்டில் கோப்பை கழுவியவர் அவர். கை இவருடையது, பெயர் மற்றவருடையது. பாரிஸில் இது ஒரு புதினமே அல்ல. ஆனால் அந்தத் துண்டை நூதனசாலையில் வைத்தால் கீழே யாருடைய பெயரை எழுதுவது?

இந்த உரையாடல்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. இனக்குழுக்களின் மரபைப் பேணும் நூதனசாலைகளும் இன சமத்துவத்துக்கான அமைப்புகளும் மேற்கில் கடந்த நாற்பது வருடங்களில் பெருகியிருக்கின்றன. இரண்டையும் இரண்டு வேலைகளாக நினைப்பது வழக்கம்: முன்னது பண்பாடு, பின்னது அரசியல். நண்பரின் மனைவி ஒரு வசனத்தில் அந்தப் பிரிவினையைப் பொய்யாக்கிவிட்டார். ஒரு கடுதாசியை இன்னமும் யாரோ ஒரு அதிகாரிக்குக் காட்டவேண்டியிருக்கும் வரையில் அது மரபுச் சின்னம் ஆகாது. அதைக் கைவிடும் அளவுக்கு அதன் சொந்தக்காரர் பத்திரமாக உணர்ந்தால்தான் நூதனசாலைக்கு அது வந்து சேரும்.

போர்த் டொறே மாளிகையை எடுத்துக்கொள்வோம். எட்டாம் இலக்க மெற்றோவில் போய் இறங்கி வெளியே வந்தால் முதலில் கண்ணிற்படுவது அதன் முகப்பு. ஆயிரத்து நூறு சதுர மீற்றருக்கு மேற்பட்ட கற்சிற்பம். அல்பிரெட் ஜனியோ என்ற சிற்பி தலைமையில் செதுக்கப்பட்டது. யானை, சிங்கம், வள்ளம், வலை, கூடை சுமக்கும் பெண்கள், மரத்தில் ஏறும் ஆண்கள். இடையிடையே அந்தந்த நாடுகள் பிரான்சுக்குக் கொடுத்த பண்டங்களின் பெயர்கள். எல்லா உடல்களும் திரண்டு அழகாக இருக்கின்றன. எல்லோரும் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கும் களைப்பில்லை. நான் மூன்று தடவை போய் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், வேலை வாங்கும் கங்காணியை எங்கும் காணவில்லை.

இது 1931 ஆம் ஆண்டின் கொலனிகள் கண்காட்சிக்காக அல்பேர் லப்ராட் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. அந்த வருடம் மே மாதம் தொடங்கி நவம்பர் வரை வன்சென் காட்டோரம் நடந்த அக்கண்காட்சிக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட ரிக்கற்றுகள் விற்றன. பிரெஞ்சு இந்தியாவுக்கும், அதாவது புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களுக்கும், அங்கே ஒரு கூடம் இருந்தது. சர்ரியலிசக் கவிஞர்கள் இக்கண்காட்சிக்குப் போகாதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் விட்டார்கள்; பொதுவுடைமையினரோடு சேர்ந்து கொலனிகளின் உண்மையைக் காட்டும் எதிர்க் கண்காட்சி ஒன்றையும் வைத்தார்கள். அதற்கு வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். எதிர்க் கண்காட்சிகளின் விதி எக்காலத்திலும் அதுதான் போலும்.

அதே 1931 இல் நியூ கலிடோனியாவிலிருந்து நூற்றுச்சொச்சம் கனாக் மக்கள் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டு, நகரின் மறுகோடியில் உள்ள பூங்காவில் 'நரமாமிசம் உண்போர்' என்று காட்சிக்கு வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஜேர்மனிக்கு, ஹாகன்பெக் என்ற மிருகக்காட்சி வியாபாரிகளிடம் அனுப்பப்பட்டனர். மாற்றாக முதலைகள் பேசப்பட்டன. டிடியே டேனான்க்ஸ் 1998 இல் எழுதிய 'கனிபால்' நாவல் இதை வைத்துத்தான் எழுந்தது. 1998 இல் பிரான்சுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த அணியில் ஆடிய கிறிஸ்டியான் கரம்பேயின் பூட்டனும் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் ஒருவர்.

ஹாகன்பெக் என்ற பெயர் எங்களுக்கும் அந்நியமானதல்ல. 1880 களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கப்பலேற்றி வந்து ஐரோப்பிய நகரங்களில் காட்டியவர்கள் அவர்கள். 1883 இல் அதே பாரிஸ் பூங்காவில் 'சிங்களவர்' என்ற பெயரில் இலங்கையர் காட்டப்பட்டனர். சிங்களவர் யார், தமிழர் யார் என்று ரிக்கற் எடுத்துப் பார்த்தவன் மினக்கெட்டிருக்க மாட்டான். ஐரோப்பாவுக்கு நாங்கள் அகதியாக வந்த கதையை எல்லோரும் எழுதுகிறோம். அதற்கு நூறு வருடம் முந்தி எங்கள் தீவிலிருந்து காட்சிப்பொருளாக வந்தவர்களைப் பற்றி எங்கள் எழுத்தில் அதிகம் காணோம்.

இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில்தான் பிரெஞ்சு அரசு குடிவரவு வரலாற்றுக்கு நூதனசாலை வைத்தது. மல்றோ அமைச்சராயிருந்த 1960 களில் அது ஆபிரிக்க, ஓசியானியக் கலைகளின் நூதனசாலையாக மாறியிருந்தது. பின்னர் அந்தப் பொருள்கள் 2006 இல் திறந்த கே பிறான்லி நூதனசாலைக்குப் போயின. காலியான வீட்டுக்குள் குடிவந்தவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். பழைய எஜமானின் மாளிகையில் வேலைக்காரனின் கதையைச் சொல்வது துணிச்சல் என்று சிலர் சொன்னார்கள், அவமதிப்பு என்று வேறு சிலர். எனக்கு இந்த விவாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை. ஆபிரிக்கரின் முதுகில் கட்டாத அரச கட்டடம் ஒன்றைப் பாரிஸில் தேடிக்கொண்டிருந்தால் நூதனசாலை இன்னும் திறந்திருக்காது. கட்டடத்தைவிட, அது திறக்கப்பட்ட விதம்தான் அதிகம் சொல்கிறது.

2007 மே மாதம் சார்க்கோசி ஜனாதிபதியானதும் 'குடிவரவு' என்ற சொல்லையும் 'தேசிய அடையாளம்' என்ற சொல்லையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதி ஓர் அமைச்சை உருவாக்கினார். நூதனசாலைக்கு ஆலோசனை சொல்லி வந்த வரலாற்றாளர்களில் ஜெரார் நுவாரியேல், பத்ரிக் வெய்ல் உட்பட எட்டுப்பேர் பதவி விலகினார்கள். குடிவந்தவனைத் தேசத்துக்கு ஒரு பிரச்சினையாகக் காட்டும் அமைச்சோடு, குடிவந்தவனைத் தேசத்தின் வரலாறாகக் காட்டும் நூதனசாலை ஒத்துப்போக முடியாது என்பது அவர்கள் வாதம். ஒக்ரோபரில் கதவு திறந்தது. ஜனாதிபதி வரவில்லை, நாடா வெட்டவில்லை. முறைப்படியான திறப்பு விழா நடந்தது ஏழு வருடம் கழித்து, 2014 டிசம்பரில், ஒல்லாந்தின் காலத்தில். ஏழு வருடம் ஒரு தேசிய நூதனசாலை பெயர்சூட்டாத பிள்ளைபோல் இருந்திருக்கிறது.

ஆனால் இந்த ஏழு வருடத்துக்குள்தான் அந்த நூதனசாலையில் நடந்தவற்றுள் ஆகப் பெரிய காரியம் நடந்தது. 2009 ஒக்ரோபரில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் விசா இல்லாத தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். றெஸ்ரோறன்ட், துப்புரவு, கட்டட வேலை செய்பவர்கள். வரி கட்டியவர்கள், சம்பளத் துண்டு வைத்திருந்தவர்கள், வதிவிட உரிமை மட்டும் இல்லாதவர்கள். அரசு கொடுத்த வாக்கு நிறைவேறாதபோது 2010 ஒக்ரோபரில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் தொழிற்சங்கத்தின் துணையோடு இந்த நூதனசாலைக்குள் புகுந்து தங்கிவிட்டார்கள். 2011 ஜனவரி வரை ஏறக்குறைய நான்கு மாதம். மேல்மாடியில் குடிவரவின் வரலாறு கண்ணாடிக்குள். கீழே அந்த வரலாறு பாய் விரித்துப் படுத்திருந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை போனேன். முதல்முறை போனபோது அங்கு என்னை நிறுத்திவைத்த ஒரு படைப்பு கமரூனைச் சேர்ந்த பார்த்தெலெமி தோகோவினுடையது: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள், அவற்றில் தொங்கும் பெரிய கட்டம்போட்ட பைகள். தொழிலாளர் விடுதியின் நெருக்கத்தை அப்படியே தூக்கி நிறுத்தியதுபோல் இருந்தது. பத்துப்பேர் ஓர் அறையில் முறைபோட்டுப் படுத்த எங்கள் ஆரம்ப வருடங்களை நினைத்து அதன்முன் நின்றிருக்கிறேன். இரண்டாந்தடவை கீழே படுத்திருந்த மனிதர்களைக் கண்ட பிறகு என்னால் அந்தப் படைப்பை முன்போலப் பார்க்க முடியவில்லை. அது மோசமான படைப்பு என்பதால் அல்ல. அருமையான படைப்பு. பக்கத்தில் உண்மையானவன் இருந்தால் கலைக்கு இருக்கும் சங்கடம் அது. அந்த நாலு மாதமும் நூதனசாலை தன் வேலையை ஆகச் சரியாகச் செய்தது என்று நினைக்கிறேன். திட்டமிட்டுச் செய்யவில்லை, வந்தவர்கள் செய்ய வைத்தார்கள்.

இன்னொரு படைப்பையும் சொல்லவேண்டும். சீனெப் செதிரா 2002 இல் செய்த மூன்று வீடியோக்கள். அவர் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்பவர். தாய் அரபு பேசுகிறார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்கிறார். அடுத்த திரையில் அதே மகள் தன் பிள்ளையோடு பேச, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. மூன்றாவதில் அம்மம்மாவும் பேத்தியும். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. சும்மா இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பார்வை கமெராவுக்குப் பின்னால் உள்ளவரைத் தேடுகிறது. வைபரில் யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கு முன் இருத்தப்படும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி இதைவிட உண்மையாக ஒரு தமிழரும் இன்னும் எடுக்கவில்லை. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாக்களில் மனப்பாடம் செய்த திருக்குறளைச் சொல்லும் பிள்ளையைத்தான் நாங்கள் படம் பிடிக்கிறோம்.

2023 யூனில் நிரந்தரக் காட்சியைப் புதிதாக ஒழுங்குபடுத்தித் திறந்தார்கள். 1685 இலிருந்து தொடங்கிப் பதினொரு ஆண்டுகளைக் கணுக்களாக வைத்து வரலாறு சொல்லப்படுகிறது. 1685 என்பது அடிமைகளை ஆள்வதற்கான 'கறுப்புச் சட்டம்' வந்த ஆண்டு, புரட்டஸ்தாந்தரின் உரிமை பறிக்கப்பட்டு அவர்கள் நாட்டைவிட்டு ஓடிய ஆண்டும் அதுவே. பிரான்சின் அகதிகள் முதலில் பிரான்சிலிருந்து ஓடிய பிரெஞ்சுக்காரர் என்று தொடங்குவது நல்ல அடி. பழைய ஒழுங்கில் இருந்த பெருங்குறை, எல்லோரும் சூட்கேசோடு வந்து உழைத்து முன்னேறிப் பிரெஞ்சுக்காரரானார்கள் என்ற ஒரே மெட்டு. புதியதில் அடிமை முறையும் கொலனியும் பொலிசும் சட்டமும் உள்ளே வந்திருக்கின்றன.

கணுக்களில் ஒன்று 1983. எங்களில் யாரும் அந்த எண்ணைப் பார்த்தவுடன் யூலையை நினைப்போம். நண்பரும் நின்றார். ஆனால் அங்கே சொல்லப்படுவது வேறு. அவ்வருடம் லியோன் புறநகரான வெனிசியூவில் தூமி ஜைஜா என்ற இளைஞன் பொலிசாரின் சூட்டில் படுகாயமடைந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுக்கும் தோழர்களுக்கும் வந்த யோசனை, காந்தியும் மார்ட்டின் லூதர் கிங்கும் நடந்ததுபோல் நாடு முழுவதும் நடப்பது. ஒக்ரோபர் 15 அன்று மார்செய்யிலிருந்து சிறு குழுவாகப் புறப்பட்டார்கள். டிசம்பர் 3 அன்று பாரிஸை அடைந்தபோது ஒரு இலட்சம்பேர் அளவில் கூட நடந்தார்கள். மித்தரோன் அவர்களது பிரதிநிதிகளைச் சந்தித்தார். அடுத்த வருடம் யூலையில் வந்த சட்டம், வசிப்பதற்கும் வேலை செய்வதற்கும் ஒன்றாகச் செல்லும் பத்து வருட வதிவிடக் கார்ட்டை உருவாக்கியது.

அந்தப் பத்து வருடக் கார்ட்தான் பிற்பாடு அகதியாக ஏற்கப்பட்ட எங்கள் ஆயிரக்கணக்கானோரின் சட்டைப்பைக்குள் வந்தது. அதைக் காட்டித்தான் வீடு எடுத்தோம், கடை போட்டோம், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டோம். அந்தக் கார்ட்டுக்காகக் காலில் கொப்பளம் போட நடந்தவர்கள் அரபுப் பெடியன்கள் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? லா சப்பலில் கடை வைத்திருக்கும் எம்மவர் வாயில் 'அடையான்' என்றும் 'காப்பிலி' என்றும் வரும் சொற்களைக் கேட்டவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நூதனசாலை இந்தத் தொடர்பைக் காட்டவில்லை. தமிழரைப் பற்றி அங்கு ஏதும் சொல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. எல்லா இனத்துக்கும் ஒரு அலுமாரி கேட்டால் கச்சேரிக் கந்தோராகிவிடும். என்னுடைய குறை வேறு. காட்சியில் போராட்டங்கள் எல்லாம் வென்று முடிந்தவைபோல் அமைந்திருக்கின்றன. திறந்து ஆறு மாதத்தில், 2023 டிசம்பரில், பாராளுமன்றம் இன்னொரு கடுமையான குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசியலமைப்பு மன்றம் பல பிரிவுகளை வெட்டிய பின்னும் மிச்சம் 2024 ஜனவரியில் சட்டமானது. நண்பரின் மனைவி தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர். கோப்புகளைக் கொடுக்க மறுத்தவரை அறிவிலி என்று யார் சொல்வது?

இங்கே லண்டனுக்கு ஒருமுறை போய்வரவேண்டியிருக்கிறது. ஏனென்றால் மரபைப் பேணுவதற்கும் சமத்துவத்துக்குப் போராடுவதற்கும் உள்ள உறவைப் பற்றி ஐரோப்பாவில் ஆகக் கூர்மையாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் எங்கள் ஆள். அ. சிவானந்தன். யாழ்ப்பாணக் குடும்பத்தவர். 1958 இனக்கலவரத்தில் கொழும்பை விட்டு லண்டனுக்கு வந்தால், வந்த இடத்தில் நொட்டிங் ஹில்லில் கறுப்பருக்கு அடி. நூலகராகப் படித்து 1964 இல் இன உறவுகள் நிறுவனத்தில் சேர்ந்தார். பெரிய கம்பனிகளின் பணத்தில், அரசுக்கும் முதலாளிகளுக்கும் யோசனை சொல்ல இருந்த நிறுவனம் அது. நூலகர் என்ன செய்வார்? அடுக்குவார். சிவானந்தன் அடுக்கியவை கறுப்பர் அமைப்புகளின் துண்டுப்பிரசுரங்கள், விடுதலை இயக்கங்களின் சஞ்சிகைகள். அவற்றை வாசிக்கக் கறுப்பு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். 1972 இல் ஊழியர்கள் நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பி நிறுவனத்தையே மாற்றியமைத்தார்கள். பணம் போட்டவர்கள் போனார்கள், பணமும் போனது. 'இனம்' என்றிருந்த அவர்களது சஞ்சிகை 1974 இல் 'இனமும் வர்க்கமும்' ஆயிற்று. 2018 ஜனவரியில் அவர் இறந்தபோது கறுப்பர் அமைப்புகள் அவரைத் தங்கள் ஆசானாகவே நினைவுகூர்ந்தன. எம்மவர் பலருக்கு அவர் 1997 இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதியவர், அவ்வளவுதான்.

1981 ஏப்ரலில் பிறிக்ஸ்ரன் எரிந்தது. ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு அரசும் நகரசபைகளும் இனக்குழுக்களின் பண்பாட்டுக்குப் பணத்தை அள்ளி வீசின. சிவானந்தன் அப்போதே எழுதினார்: ஒன்றாய் நின்று 'கறுப்பர்' என்ற ஒரே அரசியற் பெயரில் போராடியவர்களை இப்பணம் வங்காளி, சீக்கியர், கரீபியர் என்று பிரித்து, ஒவ்வொருவரையும் தத்தம் நடனத்தோடும் சாப்பாட்டோடும் மானியப் படிவத்தின் முன் வரிசையில் நிறுத்திவிட்டது, இனவாதம் அரசின் பிரச்சினையாக இல்லாமல் தனிமனித மனப்பான்மையாகச் சுருங்கிவிட்டது என்று. இதில் மிகை உண்டு. பண்பாடு இல்லாமல் மனிதர் போராட வருவதில்லை, தாயின் பாட்டை இழந்தவனுக்கு அரசியற் பெயர் மட்டும் போதாது. ஆனாலும் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் எங்கள் அமைப்புகள் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது எழுதும் வசனங்களை வாசித்தவர்கள் அவர் சொன்னதைச் சும்மா தள்ளிவிட மாட்டார்கள்.

அதே 1981 இல் அதே பிறிக்ஸ்ரனில் லென் கரிசனும் தோழர்களும் கறுப்பர் பண்பாட்டு ஆவணக்காப்பகத்தைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கள் வரலாறு இல்லாததால் பிள்ளைகள் தங்களை மதிக்கவில்லை என்பது அவர்களது கவலை. பெரிய பணம் இல்லை, பெரிய கட்டடம் இல்லை. தாமே சேர்த்த கடிதங்கள், படங்கள், சுவரொட்டிகள், போராட்டக் குழுக்களின் கூட்டக் குறிப்புகள். விண்ட்றஷ் சதுக்கத்தில் சொந்தமாக ஒரு வாசல் கிடைக்க 2014 ஆயிற்று. கரிசன் அதற்குப் பதினொரு வருடம் முந்தியே இறந்துவிட்டார். பிறிக்ஸ்ரனில் இவர்கள் ஆவணம் சேர்க்கத் தொடங்கிய வருடத்தில்தான், மே மாதக் கடைசி இரவில், யாழ்ப்பாணத்தில் எங்களுடைய 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன.

நூலகம் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் எரித்தவர்களைப் பற்றிப் பேசிப் பேசியே, நாங்களாக எரியவிட்டவற்றைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டோம். புலம்பெயர்ந்த ஊர்களில் பொங்கல் விழாவிலும் மரபு வாரத்திலும் வைக்கப்படும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். உரல், உலக்கை, பனையோலைப் பெட்டி, நீற்றுப்பெட்டி, குத்துவிளக்கு, சுளகு. ஒரு வண்டிலின் சிறு மாதிரி. பின்னணியில் நல்லூர்க் கோபுரம். பிள்ளைகளுக்கு வேட்டி கட்டி நிறுத்துவார்கள். நகரசபைத் தலைவர் வந்து வடை சாப்பிட்டு, உங்கள் பண்பாடு இரண்டாயிரம் வருடம் பழையதாமே என்று வியந்துபோவார். நாங்கள் பூரிப்போம்.

அந்த உரலை இடித்தது யார்? அந்தச் சுளகால் புடைத்த கை எந்த வாசலுக்கு அப்பால் நின்றது? தேநீர்க் கடையில் சிலருக்கு மட்டும் நீட்டப்பட்ட சிரட்டையும் போத்தலும் எங்கே? அவையும் பனையோலைப் பெட்டியளவுக்கு யாழ்ப்பாணத்துப் பொருள்கள்தான். கே. டானியல் 'பஞ்சமர்' எழுதியிராவிட்டால் அவற்றைப் பற்றி எங்கள் இலக்கியத்தில்கூட அதிகம் மிஞ்சியிராது. 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நடந்ததற்கு எந்த மரபு வாரத்தில் ஒரு படம் வைத்திருக்கிறோம்? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்களின் வீட்டுத் திறப்புகள், உறுதிகள், பள்ளிக்கூட றிப்போட்கள் எந்தக் கண்ணாடிக்குள் இருக்கின்றன? முகப்புச் சிற்பத்தில் கங்காணியைக் காணவில்லை என்று பிரெஞ்சுக்காரனைக் குறை சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் காட்சி மேசையிலும் அவனைக் காணவில்லை.

இதைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் மானத்தை வாங்குவதா என்று கேட்பார்கள். இன்னொரு விதமான தமிழ் நூதனசாலையும் இருக்கிறது. கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்தில், தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று 2007 இல் திறக்கப்பட்டது. அதற்கென்று மாளிகை கட்டவில்லை. ஒரு லயமே நூதனசாலை. அந்தச் சிறிய அறைகளுக்குள் சட்டி, கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு என்று தோட்டத்து மக்கள் புழங்கியவை வைக்கப்பட்டிருக்கின்றன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள். ஐம்பத்தைந்து வருடம் கழித்து, 2003 இல்தான் சட்டப்படி எஞ்சியோருக்கும் அது திரும்பியது. ஒவ்வொரு குடும்பமும் பிறப்புத்துண்டையும் விண்ணப்பப் பிரதியையும் உயிர்போல் பொத்திவைத்திருந்த காலம் முடிந்து நாலு வருடத்தில் நூதனசாலை வந்திருக்கிறது. முந்தியிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

அங்கேயும் கதை முடியவில்லை. மலையகத்தில் பெருந்தொகையானோர் இன்றும் லயங்களில்தான் இருக்கிறார்கள், காணியுறுதி இல்லாமல். நூதனசாலையாகிவிட்ட அறையைப் போன்ற அறையில் மனிதர் இன்னும் சோறு சமைக்கிறார்கள். அதைப் பார்க்க வருபவரால், ஐயோ அந்தக் காலத்தில் இப்படி இருந்தார்களா என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. போர்த் டொறேயில் சொல்ல முடிகிறது.

நண்பரிடம் சென்ற மாதம் மறுபடி பேசினேன். போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கலாமே என்றேன். மனைவி யோசித்துவிட்டு, சரி, ஆனால் மற்றப் பெயரில் உள்ள துண்டுகள் வேண்டாம் என்றார். அந்தப் பெயருக்குரியவர் இப்போது லண்டனில் இருக்கிறாராம், அவருக்கும் பென்சன் வரப்போகிறதாம். அந்த மூன்று வருடம் யாருடைய கணக்கில் போகும் என்று இருவருக்கும் தெரியாது. கோப்புகள் அலுமாரியின் மேற்தட்டிலேயே இருக்கின்றன. பென்சன் கடிதங்களுக்கென்று ஐந்தாவதாக ஒன்று வாங்கியிருக்கிறார்.